பல் செட்டும் தையலும்

அன்புள்ள அம்மிணிக்கு,

வீடியோவில் வராமல் ஐந்து வாரமாக நான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்ததில் உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். கேமரா கெட்டுப்போகவில்லை. முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டேன். ஃபேஸ்லிஃப்ட், தொங்கின முகத்தைத் தூக்கித் தைப்பது. முன்னாலேயே சொல்லியிருந்தால், "அறுபத்தி நாலு வயசுல எதுக்கும்மா" என்று ஆரம்பித்திருப்பாய். அதற்குப் பதில் சொல்லத் தெம்பு இல்லாமல்தான் சொல்லவில்லை. இப்போது எழுத்தில் சொல்கிறேன். குறுக்கே பேச முடியாது பார்.

எனக்குப் பதினைந்து வருஷமாக மேலும் கீழும் முழு பல் செட் என்பது உனக்குத் தெரியும். ஈறு நோயில் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். கூடவே முகமும் போகும் என்று யாரும் சொல்லவில்லை. கன்னம் தொங்கி, வாயோரம் கோடு விழுந்து, தாடைக்குக் கீழே சதை ஆடியது. உன் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் மூக்கும் மோவாயும் கிட்டக் கிட்ட வந்துவிட்ட மாதிரி இருந்தது. வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் போன இடத்தில் டாக்டர் கன்னத்தை இரண்டு விரலால் மேலே இழுத்துக் காட்டினார், விலை சொன்னார், தேதி கேட்டார். பல் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டாவது டாக்டர் உட்கார்ந்ததும், "செட்டைக் கழற்றுங்கம்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உன் அப்பாகூடப் பல் இல்லாமல் என்னைப் பார்த்ததில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றிக் கிண்ணத் தண்ணீரில் போடுவேன், விடியுமுன் எழுந்து மாட்டிக்கொள்வேன். ஆனாலும் கழற்றினேன். போட்டும் கழற்றியும் பக்கவாட்டில் படம் எடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

பல்லின் வேர் இருக்கும்வரைதான் தாடை எலும்புக்கு வேலை. வேர் போய்விட்டால் எலும்பு தேயத் தொடங்கும். முதல் வருஷம் வேகமாக, அப்புறம் மெதுவாக, ஆனால் நிற்காமல். கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறக்குறைய 4 மடங்கு தேயுமாம். மேலே உட்காரும் செட்டோ பிளாஸ்டிக். அது எலும்போடு சேர்ந்து மாறாது, பல் முனை மட்டும் தேயும். என் செட்டுக்குப் பதினோரு வயது. வாய் அளவுக்கு மீறி மூடி, உதடு உள்ளே மடங்கியிருந்தது. பஞ்சு அமுங்கின தலையணைக்கு உறையை இழுத்துத் தைத்தால் தலையணை நிமிருமா? ஃபேஸ்லிஃப்ட் தோலையும் அதன் அடியில் இருக்கும் சவ்வையும்தான் தூக்கும். எலும்பு போன இடத்தை நிரப்பாது. பழைய செட்டோடு தோலை அளந்து வெட்டிவிட்டு, பிறகு உயரமான புது செட் வைத்தால் அளவே தப்பிப் போகும். அதனால் முதலில் பல் டாக்டரிடம் போகச் சொன்னார்.

மெழுகில் பல் வைத்து நாலு முறை வாயில் போட்டுப் பார்த்தார்கள். உதட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தடிப்பு, கடிக்கும் உயரம் கொஞ்சம் கூடுதல். அதற்கே பாதி முகம் திரும்ப வந்தது. உன் அப்பா, "இது போதுமே" என்றார். இரண்டு மாசம் பழகிய பிறகும் தாடைச் சதையும் கழுத்தும் அப்படியே இருந்தன. அதற்குத்தான் ஆபரேஷன். அவர் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாமோ என்று இன்றைக்கும் சில நேரம் தோன்றும், அதையும் மறைக்கவில்லை.

நீ அனுப்பும் மீன் எண்ணெய் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள், ரத்தம் கசியுமாம். பி.பி. கட்டுப்பாட்டில் இருந்தால்தான் தொடுவேன் என்றார் டாக்டர். முதல் நாளில் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொள்வதுதான் பெரிய பயமாம். மயக்க டாக்டரிடம் செட்டைப் போட்டுக்கொண்டே உள்ளே வரட்டுமா என்று கெஞ்சினேன். மயக்கத்தில் கழன்று மூச்சுக்குழாயில் போனால் என்ன செய்வது என்று கேட்டார். பதில் இல்லை. தியேட்டர் வாசலில் கழற்றி, பெயர் எழுதின டப்பாவில் தண்ணீரோடு நர்ஸ் கையில் கொடுத்தேன். காய்ந்தால் அளவு மாறிவிடும் என்று அவளுக்கு நானே பாடம் நடத்தினேன்.

கண் விழித்தபோது தலையைச் சுற்றிக் கட்டு, வாயில் பல் இல்லை, எதிரே உன் அப்பா. கையால் மறைக்கலாம் என்றால் கையில் ஊசி. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்கம்மா மாதிரியே இருக்கே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சாயந்திரம் கஞ்சியைத் தானே ஊட்டினார். பதினைந்து வருஷம் யாருக்காக ஒளித்தேன் என்று படுத்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, தினம் கொஞ்ச நேரம் செட்டைப் போடலாம் என்றார். முகம் வீங்கி, வாய் அகலமாகத் திறக்கவில்லை. பிடிவாதமாக அழுத்தாதீர்கள் என்றார். பத்து நாள் தேங்காய்ப்பால் ஊற்றின சந்தகையும் குழைத்த ரசம் சாதமும்தான். இப்போது நீலம், மஞ்சள் எல்லாம் மறைந்துவிட்டது. காதுக்கு முன்னும் பின்னும் தையல் கோடு மெலிசாகச் சிவந்திருக்கிறது. காது மடல் இன்னும் மரத்திருப்பதால் கம்மல் மாட்டினால் மாட்டினதே தெரிவதில்லை. மாசக்கணக்கில் சரியாகுமாம். மேல் உதட்டுக் கோடுகள் போகவில்லை, இந்த ஆபரேஷனில் அது போகாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

லீவுக்கு வரும்போது பாப்பா என்னை இரவில் பல் இல்லாமல் பார்ப்பாள். இப்போதெல்லாம் விளக்கு எரியும்போதே கழற்றுகிறேன். பயப்படுவாளோ என்னவோ, நீயே அவளிடம் முன்கூட்டிச் சொல்லி வை.

எனக்கென்று எதுவும் வாங்கிவராதே. போன தடவை கொண்டுவந்த சுருக்கம் போக்கும் கிரீம் இன்னும் பாதி அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
அம்மா