பழைய கணினியை விற்கும் முன் அதிலுள்ள தமிழை நகலெடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானலில் கணினி கற்பித்து ஓய்வுபெற்ற நான், 1986 முதல் சேர்த்து வைத்திருந்த 14 பழைய கணினிகளைக் கடந்த ஓராண்டாக இணையச் சந்தைகளில் ஒவ்வொன்றாக விற்று வருகிறேன். வீட்டில் இடம் போதவில்லை. இந்த மலையின் ஈரத்திலிருந்து அவற்றைக் காப்பாற்ற என் வயதும் இனி இடங்கொடுக்காது. அந்த விற்பனையில் நான் செய்த ஒரு பெரும்பிழையை வேறெவரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதம்.

விற்றவற்றுள் ஒன்று 20 மெகாபைட் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) கொண்ட, எக்ஸ்டி என்ற பழைய ஐபிஎம் வகைக் கணினி. விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்துத் திரையில் தமிழைத் தட்டச்சு செய்து காண உதவிய ஜிஸ்ட் அட்டை அதில் பொருத்தப்பட்டிருந்தது. கான்பூர் ஐஐடியில் உருவான ஜிஸ்ட் நுட்பத்தைப் பின்னர் புனேயிலுள்ள மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நாடெங்கும் கொண்டுசென்றது. 1991இல் என் மாணவர்கள் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் சென்று, பூண்டு நடும்போது பெண்கள் பாடிய பாட்டுகளையும் முதியவர்கள் சொன்ன சொலவடைகளையும் நோட்டில் எழுதிவந்து, மாதக்கணக்கில் அந்தக் கணினியில் ஏற்றினார்கள். விளம்பரத்தில் நான் விலையையும், ‘நல்ல நிலையில் உள்ளது’ என்ற ஒற்றை வரியையும் மட்டுமே எழுதினேன். இரண்டு மாதம் கழித்து வாங்கியவரிடம் பேசியபோதுதான், ஜிஸ்ட் அட்டையை ஒருவருக்கும் வன்தட்டை இன்னொருவருக்கும் விற்றுவிட்டு, மீதியைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார் என்று தெரிந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளை அவர் என்ன செய்தாலும் அது அவர் உரிமை. நகலெடுக்காமல் கொடுத்த குற்றம் என்னுடையது.

பிரித்து விற்பதால் நேரும் இழப்பு பலருக்கும் தெரியாது. அக்காலத்து வன்தட்டை இயக்க, ஜிஸ்ட் அட்டை அல்லாத வேறோர் அட்டை தனியாக இருக்கும். பெரும்பாலும் எந்த அட்டையைக் கொண்டு வன்தட்டு பதியப்பட்டதோ அதே வகை அட்டை இருந்தால்தான் உள்ளிருப்பதைப் படிக்க முடியும். ஆகவே இரண்டும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டால், வன்தட்டு பழுதில்லாமல் இருந்தும் ஊமையாகிவிடுகிறது. படித்து எடுத்துவிட்டால் பிறகு பெரிய சிரமம் இல்லை. ஜிஸ்ட் பயன்படுத்திய, இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி குறியீட்டை அடியொற்றியே இன்றைய பொதுக் குறியீடான யுனிகோடில் இந்திய மொழிகளுக்கான இடங்கள் வகுக்கப்பட்டன என்பதால், அதிலுள்ள தமிழை இன்றைய எழுத்துக்கு மாற்றுவது எளிது. எழுத்துரு ஒவ்வொன்றும் தனிக் குறியீடு வைத்திருந்த கோப்புகள்தாம் கடினமானவை. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகே டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகள் வந்தன. அதற்கு முந்தைய கோப்பு கையில் இருந்தால், அதற்குரிய எழுத்துரு வட்டையும் தவறாமல் சேர்த்து வையுங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்தேகால் அங்குல பிளாப்பி வட்டுகளில் வெண்புள்ளியாகப் பூஞ்சை படிந்திருந்தால், அப்படியே கருவியில் செருகாதீர்கள். காந்தப் பூச்சு உரிந்து, படிக்கும் முனையும் கெட்டுவிடும். விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேண்டுமென்று, பல ஆண்டுகள் சும்மா கிடந்த கணினிக்கு உடனே மின்சாரமும் கொடுக்க வேண்டாம். பள்ளிகளில் கணினி கற்பிக்க 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் வழியாக நம் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினியின் பவர் சப்ளையில் உள்ள காகித மின்தேக்கிகள் (கெபாசிட்டர்கள்) விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் வெடித்து வீடு முழுவதும் புகை பரவும். என் வீட்டில் அப்படி ஒருமுறை ஆயிற்று. அந்த மின்தேக்கிகளை மாற்றிய பிறகே இயக்க வேண்டும், அதை விளம்பரத்திலும் எழுத வேண்டும்.

வாங்க ஆளில்லாத பழைய மானிட்டர்களைக் கண்ட இடத்தில் உடைத்துப் போடக் கூடாது. அவற்றின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு மூஞ்சிக்கல் பழைய பொருள் கடையில் கிடந்தது தெரியவந்து, 2001இல் அந்த ஆலை மூடப்பட்டதை நேரில் கண்ட ஊர் இது.

விற்பனையில் ஏமாற்றும் நடக்கிறது. பணம் அனுப்புவதாகச் சொல்லி கியூஆர் குறியீட்டை அனுப்பி, ரகசிய எண்ணை இடச் சொன்னவர்கள் என்னிடமும் பேசினார்கள். பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை. ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.

இந்தக் கணினிகளை எவரும் விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசையாக வாங்கி ஓட்டிப் பார்க்கும் இளைஞர்களிடம் அவை போய்ச் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. விற்கும் முன் உள்ளிருக்கும் தமிழை நகலெடுக்க எங்களைப் போன்றோருக்கு ஓர் இடம் வேண்டும். நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்த தகடுகளைக் காத்து, அவற்றை இலக்க வடிவுக்கும் மாற்றிய வானாய்வகம் இதே மலையில்தான் இருக்கிறது. பழைய நூல்களை மின்வடிவாக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம், பழைய வட்டுகளைப் படித்து யுனிகோடுக்கு மாற்றித் தரும் ஒரு பிரிவையும் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாட்டுகளில் ஏறக்குறைய பாதி, 46 பிளாப்பி வட்டுகளில் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அப்படியொரு பிரிவு தொடங்கப்பட்டால், அவற்றையும் படிக்கும் கருவியையும் விலையின்றி நானே கொண்டுவந்து ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.