ஆராய்ச்சி வேலைக்கு எங்கள் பிள்ளைகளும் வேண்டும்
பல்கலைக்கழக மருத்துவ ஆராய்ச்சியில் உள்ள வேலைவாய்ப்புகள் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். முனைவர் பட்டம் இருந்தால்தான் அந்த வேலை என்று எங்கள் பக்கம் நினைக்கிறார்கள். களப்பணியாளர், ஆய்வக நுட்பநர் போன்ற பணிகளுக்குப் பட்டமோ பட்டயமோ போதும். கடலோரப் பிள்ளைகள் அதில் சேர்ந்தால் ஆய்வும் உருப்படியாக நடக்கும். கடல்பாசி எடுக்கும் எங்கள் தெருப் பெண்கள், உடல்நலக் கணக்கெடுப்புக்கு வந்த வெளியூர்க் குழுவிடம் கைப்புண்ணைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. கண் எரிச்சல், இடுப்பு வலி, மாதவிடாய்ச் சிக்கல் எல்லாம் அப்புறம் எங்களிடம்தான் சொன்னார்கள்.

ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இம்மாவட்டத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கு ஆள் எடுக்கும் நேர்காணலை அங்கேயே வைக்கலாம். வேலை அறிவிப்பைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஒட்ட வேண்டும்.

- ஒரு வாசகி, பாம்பன்