டச்பேட்டை மாற்றச் சொல்லும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

லேப்டாப் டச்பேட் விட்டு விட்டு வேலை செய்கிறது என்று கேட்ட வாசகருக்கு, ‘புதிதாக மாற்றிவிடுங்கள்’ என்று சென்ற வாரம் உங்கள் கணினிப் பக்கத்தில் பதில் வந்திருந்தது. காரைக்குடியில் 16 வருடமாக டைப்பிங் சென்டர் நடத்தும் எனக்கு அது அவசரப்பட்ட பதிலாகப் படுகிறது.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். அம்புக்குறி திடீரென்று மூலைக்குத் தாவும், அப்புறம் அசையாமல் நிற்கும், கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். கடையில் டச்பேட் மாற்ற 2,800 ரூபாய் கேட்டார்களாம். இயங்குதளத்தின் மையப்பகுதி நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் பதிவேடான கெர்னல் லாகைத் திறந்து பார்த்தேன். ‘லாஸ்ட் சிங்க் அட் பைட் 1’ என்ற வரி, அதாவது முதல் பைட்டிலேயே வரிசை தவறிவிட்டது என்ற வரி, அடுக்கடுக்காக நின்றது.

அவள் லேப்டாப்பில் இருந்த வகை டச்பேட், விரல் இருக்கும் இடத்தை ஆறு ஆறு பைட்டாக அனுப்புகிறது. பைட் என்றால் எட்டு பிட்டுகள், அதாவது எட்டு 0 அல்லது 1, சேர்ந்த ஒரு தகவல் துண்டு. முதல் பைட்டிலும் நான்காவது பைட்டிலும் சில பிட்டுகள் மாறவே மாறாது. எது முதல் பைட் என்று டிரைவர், அதாவது டச்பேட்டை இயக்கும் மென்பொருள், சரிபார்ப்பது அவற்றை வைத்துத்தான். வழியில் ஒரு பைட் தொலைந்தால் பின்னால் வருவதெல்லாம் இடம் மாறிவிடும். டைப்பிங்கில் விரல்களை ஒரு விசை தள்ளி வைத்து அடித்தால் வரி முழுக்கத் தப்பாக வருமே, அதே கதைதான். பிஎஸ்மவுஸ் என்ற அந்த டிரைவர் அந்தத் தப்பான தகவலைத் தள்ளிவிடுகிறது. தொடர்ந்து ஐந்து முறை தப்பு வந்தால் டச்பேட்டையே ரீசெட் செய்கிறது, அதாவது முதலிலிருந்து துவக்குகிறது. அம்புக்குறி அசையாமல் நின்றது அந்த நேரத்தில்தான்.

அடிமூடியைக் கழற்றினேன். டச்பேட்டின் ரிப்பன் கேபிள் தளர்ந்திருந்தது. எடுத்து நேராகச் செருகிப் பூட்டினேன். மூன்று வாரமாக அந்த வரி ஒன்றுகூட வரவில்லை.

டிரைவர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. ஆனால் நடந்ததை ஆங்கிலத்தில் லாகில் எழுதியதோடு சரி, அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. பேட்டரி குறைந்தால் திரையில் அறிவிப்பு வருகிறதே! ‘டச்பேட்டிலிருந்து தகவல் சரியாக வரவில்லை, இன்று நான்கு முறை ரீசெட் செய்தேன், கேபிளைப் பாருங்கள்’ என்று தமிழில் ஓர் அறிவிப்பு ஏன் வரக்கூடாது? லினக்ஸ் டெஸ்க்டாப்பைத் தமிழாக்கும் தன்னார்வலர்களும் நிரல் எழுதத் தெரிந்த நம் பிள்ளைகளும் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

அதுவரை, கெர்னல் லாகைத் திறந்து பார்ப்பது எப்படி என்று அடுத்த வாரப் பக்கத்தில் படத்துடன் போடுங்கள். கேள்வி கேட்ட அந்த வாசகர் இன்னும் டச்பேட் வாங்காமல் இருக்கலாம்.

வாசகி,
காரைக்குடி