ஆண்பூவை முதலில் பார்

குளுவாங்

அன்பு மகன் குமரனுக்கு, அம்மா எழுதுவது.

சபாவின் லஹாட் டத்துவில் நீ பொறுப்பேற்றிருக்கும் இளம் எண்ணெய்ப்பனை, அதாவது செம்பனைக் காட்டில் குலைகள் சரிவரக் காய் பிடிக்கவில்லை என்றும், இலை ஆய்வின்படி உரத்தைக் கூட்டப் போவதாகவும், படிக்காத மண்டோரின் (கங்காணியின்) பேச்சைக் கேட்டால் வேலை நடக்காது என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியை உன் அப்பாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அவரும் மண்டோராக இருந்தவர்தாம்.

மகரந்தம் சேர்க்கும் வண்டு வருவதற்கு முன், இங்கே ஜொகூரில் செம்பனைக்கு அந்த வேலையைச் செய்தது எங்களைப் போன்ற பெண்கள். ஆண்பூவின் தூளைத் தட்டியெடுத்து, உலர்த்தி, டால்க் மாவுடன் கலந்து, முள் கையைக் கிழிக்க மட்டைகளுக்கு இடையே குழாயை நுழைத்துப் பெண்பூவில் ஊதுவோம். பூ வெளிறியிருக்கும் இரண்டு மூன்று நாளுக்குள் ஊதிவிட வேண்டும். நிறம் சிவந்துவிட்டால் பயனில்லை.

செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது காற்று என்றே அக்கால நூல்கள் கூறின. ஆனால் லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்டத் துரை, தாம் வேலை பார்த்த ஆப்பிரிக்க நாடான கேமரூனில் யாரும் ஊதாமலே குலை நிறையக் காய்ப்பதையும், பூக்களில் பூச்சிகள் மொய்ப்பதையும் கண்டிருந்தார். கண்டதை மட்டும் நம்பி யாரும் பூச்சியைக் கொண்டுவந்துவிடவில்லை. பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து, அந்த வேலையைச் செய்வது எந்தக் கூன்வண்டு, அது மற்றப் பயிர்களைக் கெடுக்குமா என்றெல்லாம் சோதித்த பிறகே, 1981-இல் அது ஜொகூரில் விடப்பட்டது. எங்கள் குழாய்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. (கூலியும் போயிற்று, அது வேறு கதை.) ஆகவே பழக்கம் ஒன்றே போதும் என்று நான் வாதிட மாட்டேன். ஊதுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஏன் ஊத வேண்டியிருக்கிறது என்ற கேள்வி எங்களிடமிருந்து எழவில்லை.

இனி உன் காட்டுக்கு வருகிறேன். நல்ல விளைச்சல் தரும் இனங்கள் இளமையில் பெண்பூவையே மிகுதியாக விடும். ஆண்பூ குறைந்தால் தூள் குறைவதோடு வண்டும் குறையும், ஏனெனில் வாடிய ஆண்பூவில்தான் அது பெருகுகிறது. அடைமழையிலும் அதன் நடமாட்டம் தளரும். இவற்றில் ஒன்றையும் இலை ஆய்வு உனக்குக் காட்டாது. பசியாறிய கையோடு அலுவலகத்துக்குப் போகாமல், வெயில் ஏறும் நேரத்தில் நிரைகளில் நடந்து பார். மலர்ந்த ஆண்பூ சோம்பு மணம் வீசும். அருகில் போனால் அரிசியைவிடச் சிறிய வண்டுகள் ஊர்வது தெரியும். எக்டருக்கு எத்தனை ஆண்பூ மலர்ந்திருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள். அங்கே நீ படித்த கணக்கு உதவும்.

பிறகு அந்த மண்டோரிடம், மட்டை வெட்டுகிறவர்கள் வாடிய ஆண்பூவையும் சேர்த்துக் கழித்துப் போடுகிறார்களா என்று கேள். இந்தோனேசியர், வயதில் மூத்தவர் என்று எழுதியிருந்தாயே. 'பாக்' (ஐயா) என்று மரியாதையாக அழைத்து, அவருடைய நிரையில் நின்றபடியே கேள். அதுவரை உரம் கூட்டும் உத்தரவில் கையெழுத்திடாதே. எண்ணிக்கையையும் அவர் சொன்ன பதிலையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அம்மா