குமரனுக்கு, உங்கள் வேட்பாளர் பற்றி

அன்புள்ள குமரன்,

போன் எடுக்க நேரமில்லை போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

நகராட்சி ஊழியரை அறைந்த பழைய வழக்கைப் பற்றி உங்கள் வேட்பாளர் பேரில் வந்த அறிக்கையைப் படித்தேன். யார் எழுதியதோ, ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்று முடிகிறது. அதில் அந்த நகராட்சி ஊழியர் எங்கே, அவர் கன்னத்தில் விழுந்த அடி எங்கே? பெரிய மாமா மன்னிப்புக் கேட்டது அத்தையிடமா, ஊராரிடமா என்று உனக்குத் தெரியாதா?

விடுதலையாகிவிட்டாரே என்பாய். தீர்ப்பை வாங்கிப் படி. ஒவ்வொரு வழக்குக்கும் தரும் 16 இலக்க சி.என்.ஆர். அடையாள எண் இருந்தால் நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடு. கிடைக்காவிட்டால் நகல் மனு போடு. கடைசிப் பக்கத்தோடு நிறுத்தாதே. சாட்சியம் இருக்கும் பகுதிக்குப் போ. புகார் கொடுத்தவரே முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சியாகியிருந்தால், புகாருக்கும் விசாரணைக்கும் நடுவில் அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேள்: இடமாற்றலா, பணமா, பயமா? பணியிலிருக்கும் அரசு ஊழியரைத் தாக்கியதற்கான, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 353-ஆம் பிரிவு வழக்கை விசாரணை நீதிமன்றத்தில் சமரசமாக முடிக்கச் சட்டம் இடம் தராது. அதனால் வெளியே பேசி முடித்துவிட்டு, கூண்டில் ஏறி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்ல வைப்பார்கள். இத்தனை வருஷம் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, தலைமை எழுத்தராக இருந்தவள் சொல்கிறேன், விடுதலை என்பதில் பல வகை உண்டு.

வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26-இல் அந்த வழக்கு இல்லையே என்றும் சொல்லாதே. அந்தப் பிரமாணப் பத்திரம் நிலுவையில் உள்ள வழக்கையும் தண்டனையையும்தான் கேட்கிறது. விடுதலையான வழக்குக்கு அதில் இடமில்லை. போன தேர்தலில் கொடுத்த பத்திரத்தையும் இப்போது கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மறைந்துபோன ஒவ்வொரு வழக்கும் எப்படி முடிந்தது என்று பார். 2024 ஜூலைக்கு முந்தைய வழக்கென்றால் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகள்தான் இருக்கும். 143, 188, 341 சேர்ந்து வந்தால் பெரும்பாலும் மறியல் வழக்கு. தண்ணீருக்காக ரோட்டில் உட்கார்ந்தவர்கள் மேலெல்லாம் அது இருக்கும், அதற்காக யாரையும் ஒதுக்காதே. 323, 354, 420 என்றால் எதிரில் அடிபட்டவரோ மானபங்கப்பட்ட பெண்ணோ ஏமாந்தவரோ ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி வேட்பாளர் இன்று என்ன பேசுகிறார் என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும்.

வழக்கு நிலுவையில் உள்ள ஒருவரைத் தேர்தலில் நிறுத்தினால், வழக்கில்லாத ஒருவரை ஏன் நிறுத்தவில்லை என்று கட்சி காரணம் வெளியிட வேண்டும்; ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாகாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு பீகார் தேர்தலில் இதை மீறிய கட்சிகளுக்கு அபராதமும் விழுந்தது. உங்கள் கட்சி மற்ற வேட்பாளர்களுக்கு வெளியிட்டதையும் படி.

மேடையில் உங்கள் வேட்பாளர் அரியலூர் ரயில் விபத்தைச் சொல்லி, அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரியைப் புகழ்ந்தாராம். 1956-இல் மருதையாற்று வெள்ளத்தில் அங்கே ரயில் பாலம் போனது. தன் கை படாத தவறுக்கு சாஸ்திரி பதவி விலகினார். தன் கையாலேயே அடித்தவர் அந்தப் பெயரை எடுக்கலாமா? இவருக்குப் பொருத்தம் ஜான் ப்ரொஃப்யூமோ. பிரிட்டனில் போர் அமைச்சராக இருந்தவர். 1963 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் பொய் சொன்னார், ஜூனில் ஒப்புக்கொண்டு விலகினார். அதுவும் வேறு வழியில்லாமல் போன பிறகுதான். ஆனால் மறுபடி தேர்தல் பக்கமே வரவில்லை. கிழக்கு லண்டனின் டாய்ன்பி ஹால் தொண்டு நிலையத்தில் பல்லாண்டு உழைத்தார். உங்கள் ஆள் எதை இழந்தார்? புகார் கொடுத்தவரை அவருடைய ஆட்கள் இன்னும் ஏசுகிறார்கள், அவர் தடுக்கவில்லை. எனக்கு இதுவே பழைய அடியைவிடப் பெரிதாகப் படுகிறது.

சின்ன வயசிலிருந்தே உன் எழுத்து யாரையும் நம்ப வைக்கும். அதை நினைத்து நான் பூரிக்காத நாள் இல்லை, இப்போது பயமும் அதனால்தான். தீர்ப்பைப் படி. படிக்காமல் அடுத்த அறிக்கையில் கை வைக்காதே.

நகல் மனுவுக்கு நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், தீர்ப்புத் தேதி மூன்றும் வேண்டும். கிடைக்காவிட்டால் வருஷத்தையாவது சொல், பதிவேட்டில் தேடச் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா