அன்று கொதித்தது ரேடியேட்டர்

ஆசிரியருக்கு,

"அந்தக் காலத்து கார் மாதிரி வருமா!" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜின் ஏறக்குறைய 50 குதிரைசக்திதான் தந்தது. இன்றைய ஸ்விஃப்ட்டின் 1197 சிசி என்ஜின் 80 தருகிறது, அதுவும் மூன்றே சிலிண்டரில். பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பிய கார்புரேட்டர் போய், தேவையான பெட்ரோலைக் கணக்கிட்டுத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எங்கள் வீட்டுப் பழைய கார் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினால் பாதி வழியிலேயே ரேடியேட்டர் கொதிக்கும். டிக்கியில் தண்ணீர் கேன் இல்லாமல் அப்பா கிளம்பவே மாட்டார். இப்போது என் மகன் ஏசியைப் போட்டுக்கொண்டே, பாட்டுக் கேட்டபடி ஏறுகிறான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அன்று சாலையோர மெக்கானிக் ஒரு ஸ்பேனரை வைத்தே சரிசெய்தார். இன்று சென்சார் மக்கர் செய்தால், கோளாறைக் கண்டுபிடிக்கவே ஸ்கேனர் கருவி வேண்டும்.

அப்புறம் வேகம். அந்தக் காரில் 80ஐத் தொட்டாலே ஸ்டீயரிங் உதறும், பயத்தில் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். இன்று 120இல் போவதே தெரிவதில்லை. டிரைவிங் ஸ்கூல்கள் இதையும் கொஞ்சம் சொல்லித் தரலாம்.

- ஒரு வாசகர், கோவை