எஸ்.ஐ. ஆகப்போகும் மகளுக்கு

வியாசர்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமி வெயிலில் பரேடு நின்று முகம் கறுத்துவிட்டது என்றாய். கறுத்தால் கறுக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது ஒன்று சொன்னாய். "வீட்டை சர்ச் பண்றதுக்கு இத்தனை ரூல்ஸ் வெச்சா திருடன் எப்படிம்மா மாட்டுவான்" என்று உன்னோடு ட்ரெயினிங்கில் இருக்கிற பிள்ளைகள் கேட்கிறார்களாம். நீயும் அதை மறுத்த மாதிரி தெரியவில்லை. அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு விசில் அடித்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஹைகோர்ட் எதிரில் உட்கார்ந்து, டைப்ரைட்டர் காலத்திலிருந்து ஜாமீன் மனுவும் அஃபிடவிட்டும் அடித்துக் கொடுத்தே காலம் போனது. அடித்த காகிதங்களில் மகஜர் நகல்கள், அதாவது போலீஸ் தேடிக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன்னால் எழுதிய காகிதங்களின் நகல்கள், ஏராளம். சிலவற்றில் வீடு வேறு, தெரு வேறு, தேதி வேறு. சாட்சிக் கையெழுத்து மட்டும் அதே ரெண்டு பேர். அந்த வட்டாரத்தில் குடியிருக்கிற, வழக்கில் ஒட்டுறவு இல்லாத, மரியாதையான ரெண்டு பேரைக் கூப்பிடச் சொல்கிறது சட்டம். அப்படி யாரும் கிடைக்காவிட்டால், வர மறுத்தால், வேறு வட்டாரத்து ஆளைக் கூப்பிடலாம். ஸ்டேஷனுக்கு டீ கொண்டுவருகிற பையனையே ஊரெல்லாம் சாட்சியாக நிறுத்தச் சொல்லவில்லை. குறுக்கு விசாரணையில் வக்கீல்கள் முதலில் கைவைப்பதும் அங்கேதான்.

அப்புறம், நம் பிளாக்கில் மூன்றாவது மாடி அக்கா வீட்டில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அப்போது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். அவர்களுடைய பெரிய பையனைத் தேடி நடுராத்திரியில் போலீஸ் வந்தது. அவன் வீட்டில் இல்லை. ஆள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வீட்டைக் கலைத்தார்கள். அரிசி டிரம்மைக் கவிழ்த்தார்கள். டிரங்குப் பெட்டியில் இருந்த ரேஷன் கார்டு, ஆயாவின் இறப்புச் சான்றிதழ், சின்னவனின் மார்க் ஷீட் எல்லாம் அரிசியோடு அரிசியாகத் தரையில் கிடந்தன. பெண் போலீஸ் ஒருவர்கூட வரவில்லை. அக்கா நைட்டியோடு வராந்தாவில் நின்றார், பிளாக்கே பார்த்தது. என்ன தேடுகிறார்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. போகும்போது சின்னவனின் போனை எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் மேல் ஒரு வழக்கும் கிடையாது.

போனைத் திருப்பிக் கேட்கும் மனுவை நான்தான் அடித்தேன். கைப்பற்றிய பொருளை 95-ஆம் படிவத்தில் எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் இல்லையா? அனுப்பிய படிவத்தில் அந்த போனே இல்லை. காகிதத்தில் இல்லாத பொருளைக் கோர்ட் எப்படித் திருப்பிக் கொடுக்கும்? எடுத்த பொருளையெல்லாம் பட்டியலாக எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, நகலை வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும் என்பது புதுச் சட்டத்தில் முளைத்தது இல்லை, பாப்பா. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 100-ஆவது பிரிவாக இருந்ததுதான் இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 103. அன்றைக்கு அந்த ஒரு தாள் அக்கா கையில் இருந்திருந்தால் அந்தப் பையன் அப்படி அலைந்திருக்க மாட்டான்.

ரூல்ஸ் என்று நீங்கள் அலுத்துக்கொள்வது எதைத் தெரியுமா? அதே பி.என்.எஸ்.எஸ்.ஸின் 185-ஆவது பிரிவு வாரண்ட் இல்லாமலே உன்னை உள்ளே விடுகிறது. எவ்வளவு பெரிய அதிகாரம் அது! அதற்குப் பதிலாக அது கேட்பது இவ்வளவுதான்: விசாரிக்கிற வழக்குக்கு வேண்டிய பொருள் அங்கே இருக்கிறது என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும், வாரண்டுக்குக் காத்திருந்தால் அது கைநழுவிவிடும் என்ற நிலை இருக்க வேண்டும், அந்தக் காரணத்தையும் தேடுகிற பொருளையும் உள்ளே போவதற்கு முன்னால் எழுதிவைக்க வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் எழுதிக் கேட்டால் அவருக்கும் ஒரு நகல் இலவசம். 2024 ஜூலை 1-க்குப் பிறகு, தேடுவதையும் பட்டியல் போடுவதையும் வீடியோ எடுக்கவும் வேண்டும். நேர்மையாகத் தேடப் போகிற அதிகாரிக்கு இதில் எது கஷ்டம்? "சும்மா போய்ப் பார்ப்போம்" என்பதை மட்டும்தான் காகிதத்தில் எழுத முடியாது. எழுத முடியாத காரணத்துக்காக யார் வீட்டுக்குள்ளும் போகாதே.

நம் ஏரியாவில் பேரைச் சொன்னாலே "ஹிஸ்டரி ஷீட் இருக்கா" என்று கேட்கிறார்கள். ஒருவரைக் கண்காணிக்க ஸ்டேஷனில் வைக்கிற பதிவேடு அது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். கொள்ளை வழக்கில் பிடித்து, ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் ஹிஸ்டரி ஷீட் போட்டு, ராத்திரியில் வந்து கதவைத் தட்டி, சத்தம் போட்டு எழுப்பினார்கள். அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1962-இல் அந்த ராத்திரி வருகை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் தரும் உரிமை இல்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நீதிபதி சுப்பா ராவ் அதை ஏற்கவில்லை. அது சுதந்திரத்தின் உயிரான பகுதி என்று தனியாக எழுதினார். அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே முடிவாக அவர் பக்கம் நின்றார்கள். அந்தத் தீர்ப்பு அடையாறு பங்களாவுக்கு மட்டும் வந்தது இல்லை. நம் ஒற்றை அறை வீட்டுக்கும் வந்தது.

இனி சொல்வதுதான் எனக்கு முக்கியம். அமெரிக்காவில் போலீஸ் சட்டத்தை மீறி எடுத்த சாட்சியத்தைப் பெரும்பாலும் கோர்ட் ஓரம் தள்ளிவிடும். இங்கே அப்படி இல்லை. வருமான வரிச் சோதனை ஒன்றைப் பற்றிய பூரண்மல் வழக்கில், தேடிய முறை தப்பாக இருந்தாலும் கிடைத்த பொருள் சாட்சியமாகச் செல்லும் என்று 1973-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இன்றைக்கும் பொது விதி அதுதான். கஞ்சா வழக்கில் கொஞ்சம் மாறும். ஆளின் உடம்பைச் சோதிப்பதற்கு முன்னால், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு என்று போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) 50-ஆவது பிரிவின்படி அவனிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் எடுத்ததை மட்டும் வைத்துத் தண்டனை கொடுக்க முடியாது என்பது 1999 பல்தேவ் சிங் தீர்ப்பு. கையில் இருக்கிற பைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. மற்றபடி, நீ விதியை மீறினாலும் கேஸ் நிற்கும். மெமோகூட வராமல் போகலாம், பாராட்டே கிடைக்கலாம். அப்படியென்றால் அந்த வீட்டு வாசலில் அந்த ஜனங்களுக்கு இருக்கிற பாதுகாப்பு யார்? நீதான். பின்னால் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதே. முக்கால்வாசி பேருக்கு அந்தக் கோர்ட் படியேறக் காசு கிடையாது.

போன் விஷயமும் இதேதான். ரோட்டில் பைக்கை நிறுத்தி "போனைத் திற, வாட்ஸ்அப் காட்டு" என்று கேட்பதை நானே ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில் பார்த்தேன். அந்தப் பையனுக்கு விரல் நடுங்கி பேட்டர்ன் தப்புத் தப்பாக விழுந்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம், அவசரம் இருந்தால் தவிர, போனைத் தேடவும் வாரண்ட் வேண்டும் என்றது. பாஸ்வேர்டைக் கட்டாயப்படுத்திக் கேட்கலாமா என்பதில் கோர்ட்டுகளே இன்னும் ஒரே மாதிரி சொல்லவில்லை. வழக்கு இல்லை, காரணம் இல்லை என்றால் நீ கேட்காதே. ஒருத்தியின் போனில் அவள் பிள்ளைகளின் படம், மருந்துச் சீட்டு, கடன்காரன் திட்டி அனுப்பியது எல்லாம் இருக்கும். அதைப் பார்க்க உனக்கு என்ன வேலை?

நீ யூனிஃபார்ம் போடுவதில் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இல்லை. அதே மூன்றாவது மாடி அக்காதான் நீ செலக்ட் ஆனதும் பிளாக் முழுக்கக் கேசரி கொடுத்தார். திருடனைப் பிடி, கத்தி வைத்திருக்கிறவனைப் பிடி, கஞ்சா விற்கிறவனைக் கண்டிப்பாகப் பிடி. அவர்களால் அதிகம் கஷ்டப்படுவதும் நாம்தான்.

எந்த ஸ்டேஷன் என்று தெரிந்ததும் சொல்லு. பாரிமுனையில் நல்ல கார்பன் ஷீட் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் மை போன பழைய ஷீட்டைத்தான் திரும்பத் திரும்ப வைப்பார்கள். வீட்டுக்காரருக்குப் போகிற நகலில் எழுத்தே தெரியாது. லீவு கிடைத்தால் முன்கூட்டியே சொல், காசிமேட்டில் வஞ்சிரம் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா